ஸ்டாம்பு நோட்டு

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நாற்பது பக்கம், கோடு போடாதது. முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் 'தபால் தலைகள்' என்று கொட்டை எழுத்து. கீழே பெயர், வகுப்பு: 6 ஆ, வருடம்: 1994. பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி மொறமொறவென்று சத்தம் வரும். காரணம், உள்ளே இருக்கும் ஸ்டாம்பு எல்லாம் சோற்றுப் பருக்கையால் ஒட்டியவை. சில இடத்தில் ஸ்டாம்பைக் கரப்பான் பூச்சி தின்றுவிட்டுப் பருக்கையை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. சில இடத்தில் அதற்கு நேர் எதிர்.

நோட்டுக்குச் சொந்தக்காரனுக்கு அப்போது பதினோரு வயது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவரைக்கும் அவன் சேர்த்தது என்றால் தீப்பெட்டி அட்டை, சிகரெட் பெட்டி அட்டை, கோலிக்குண்டு, அவ்வளவுதான். அந்த வருடம் காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் ஒரு பையன் ஆல்பம் கொண்டு வந்தான். அவனுடைய அப்பா சவுதியில் இருந்தார். கறுப்பு அட்டைப் பக்கம், அதன் மேல் கண்ணாடித் தாளில் வரிசை வரிசையாகப் பை, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு ஸ்டாம்பு. தொட விட மாட்டான். "மூச்சுக் காத்து படக்கூடாதுடா" என்பான். மூச்சைப் பிடித்துக் கொண்டுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே வகுப்பில் பாதிப் பேர் ஸ்டாம்பு சேர்க்க ஆரம்பித்து விட்டார்கள். எந்தத் தெருவில் யாருக்கு சிங்கப்பூரில் மாமா, யாருக்கு துபாயில் சித்தப்பா என்ற விவரமெல்லாம் ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு அத்துப்படி. போஸ்ட்மேன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவது, கடிதம் வந்த வீட்டு வாசலில் போய் அசடு வழிய நிற்பது, "படிச்சு முடிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்பது.... இப்படியே பொழுது போனது.

பண்டமாற்றுக்கு என்று ஒரு சட்டமே உருவானது. ஒரு வெளிநாட்டு ஸ்டாம்புக்கு மூன்று இந்திய ஸ்டாம்பு. முக்கோண ஸ்டாம்பு என்றால் ஐந்து. கப்பல், விமானம், ராக்கெட் படம் இருந்தால் தனி பேரம். இந்திய ஸ்டாம்புக்கு மதிப்பே கிடையாது. பருத்திச் செடி போட்ட ஒரு ரூபாய், ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் ஐந்து ரூபாய் எல்லாம் சீந்துவாரில்லாமல் கிடந்தன.

பெரிய தலைவலி நாட்டின் பெயர்தான். 'மக்யார் போஸ்டா' என்று போட்டு ஏராளமான ஸ்டாம்பு புழங்கியது. அது எந்த நாடு? அட்லஸில் தேடினால் இல்லை. யாரோ ஒரு மக்யார் என்கிறவரின் பெயர் என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். 'ஹெல்வெட்டியா', 'சுவோமி', 'ஸ்வெரிகே', 'ஹெல்லாஸ்' எதுவும் அட்லஸில் கிடையாது. 'சி.சி.சி.பி.' ரஷ்யா என்று மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த எழுத்து ஆங்கிலமே அல்ல, ரஷ்ய எழுத்தில் அதை 'எஸ்.எஸ்.எஸ்.ஆர்.' என்று படிக்க வேண்டும் என்பது பின்னால் தெரிய வந்தது. மக்யார் ஹங்கேரி. ஹெல்வெட்டியா சுவிட்சர்லாந்து. சுவோமி ஃபின்லாந்து. ஸ்வெரிகே ஸ்வீடன். ஹெல்லாஸ் கிரீஸ். ஒரு நாட்டுக்கு ஊரார் வைத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று என்பதை அந்தப் பையன்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் படிக்கவில்லை, ஸ்டாம்பில்தான் படித்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ராணி தலை மட்டும் போட்டு, நாட்டுப் பெயரே இல்லாமல் சில ஸ்டாம்பு வரும். பெயர் இல்லாததால் 'டூப்ளிகேட்' என்று முடிவு கட்டி, இரண்டு இந்திய ஸ்டாம்புக்கு அவற்றைத் தள்ளி விடுவார்கள். உண்மையில் அது பிரிட்டன். உலகத்தின் முதல் தபால் தலையான 'பென்னி பிளாக்' 1840 மே மாதம் அங்கேதான் வந்தது. அப்போது வேறு எந்த நாட்டிலும் ஸ்டாம்பு கிடையாது என்பதால் பெயர் போடத் தேவை இருக்கவில்லை. அந்த மரியாதை இன்று வரைக்கும் தொடர்கிறது. அரசரோ அரசியோ, தலை மட்டும் இருந்தால் போதும்.

பளபளவென்று பெரிது பெரிதாக 'அஜ்மான்', 'உம் அல் கைவைன்', 'ஷார்ஜா' என்று போட்டு வரும் ஸ்டாம்புகள்தான் வகுப்பில் ராஜா. நிலாவில் இறங்கிய மனிதன், ஒலிம்பிக், பூனை, நாய், மீன் எல்லாம் இருக்கும். முத்திரை குத்தியிருக்கும். ஆனால் பின்னால் திருப்பினால் கோந்து அப்படியே இருக்கும்! இது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. கடிதத்தில் ஒட்டிய ஸ்டாம்பின் பின்னால் எப்படிக் கோந்து மிச்சம் இருக்கும்? விஷயம் இதுதான். அந்தச் சின்னச் சின்ன அரபு நாடுகளின் பெயரில், 1971ல் அவை சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் ஆவதற்கு முந்தைய சில வருடங்களில், சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே வண்டி வண்டியாக ஸ்டாம்பு அச்சடித்தார்கள். அச்சடிக்கும்போதே முத்திரையும் போட்டு விடுவார்கள். ஒரு கடிதத்தைக் கூடப் பார்க்காமல், ஒரு கப்பலில் கூட ஏறாமல் நேரே பாக்கெட்டுக்குப் போனவை அவை.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்து கொண்டது. அன்றைக்கு அவனிடம் அஜ்மானும் கிடையாது, மக்யாரும் கிடையாது. அவனுக்கு வெளிநாட்டில் மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. வீட்டில் இருந்தது நடுக்கூடத்துச் சுவரில் தொங்கும் ஒரு கம்பிதான். வந்த கடிதத்தை எல்லாம் அந்தக் கொக்கிக் கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். அதில் இருந்தது பூராவும் போஸ்ட் கார்டும் இன்லேண்ட் லெட்டரும்.

அப்போதுதான் அப்பாயியின் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அவனுடைய தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் போனவர். 1970களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அந்தக் கப்பல் போய் வந்து கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் 'ரஜூலாவில் போனவர்' என்று சொன்னால் இன்றைக்கும் வயதானவர்களுக்குப் புரியும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். நாலு மாதம் இருப்பார், திரும்பப் போவார். 1968ல் அங்கேயே நோய் வந்து இறந்து விட்டார். தந்திதான் வந்தது. அவன் அவரைப் பார்த்ததில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவில் கோட்டு போட்டுக் கொண்டு யாரையோ கோபித்துக் கொள்கிற மாதிரி இருப்பார்.

காலாண்டு லீவில் அப்பாயி ஒரு கல்யாணத்துக்காகத் திருவாரூர் போயிருந்தது. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. திறந்தால் பாச்சை உருண்டை வாசம். இரண்டு பட்டுப் புடவை, ஒரு வெள்ளி குங்குமச் சிமிழ், தாத்தாவின் பாஸ்போர்ட், அடியில் நூல் போட்டுக் கட்டிய கடிதக் கட்டு. அவன் கை நடுங்கியது பயத்தினால் அல்ல. அத்தனையும் வெளிநாட்டு ஸ்டாம்பு! உறைகளில் ஆர்க்கிட் பூ போட்டு 'புலாவ் பினாங்' என்று எழுதியது, அகன்ற அலகோடு ஒரு பறவை, பழைய மலாயா ஸ்டாம்பில் ராணி தலை. கட்டின் மேலே தனியாக ஒரு துணியில் மடித்து நீல நிற ஏரோகிராம் ஒன்று.

ஏரோகிராம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய நீலக் காகிதம். உள்பக்கம் எழுதி, மடித்து, ஓரத்தை ஒட்டி அனுப்புவது. உறை தனியாகக் கிடையாது, காகிதமே உறை. ஆக முகவரி இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் கடிதத்தின் வரிகள் இருக்கும். ஸ்டாம்பு இருக்கும் இடத்துக்குப் பின்னாலும்தான்.

உறைகளில் இருந்த ஸ்டாம்பை எல்லாம் மூலையோடு வெட்டி எடுத்தான். ஏரோகிராமை விரித்துப் பார்த்தான். ஸ்டாம்புக்குப் பின்னால் மூன்று நாலு வரி எழுத்து இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு அவனே ஒரு நியாயம் கண்டு பிடித்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் வந்த கடிதம். எப்போதோ படித்து முடித்தாகி விட்டது. படித்து முடித்த கடிதத்தில் யாருக்கு என்ன வேலை? அப்பாயிக்குப் படிக்கவும் தெரியாது. கத்தரிக்கோல் உள்ளே போனது.

கிண்ணத்துத் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டான். கால் மணி நேரத்தில் கோந்து இளகி ஆர்க்கிட் பூ தானாகக் காகிதத்தை விட்டு வழுக்கிக் கொண்டு வந்தது. ஸ்டாம்பு சேர்த்தவர்களுக்குத் தெரியும் அந்த சந்தோஷம்! பறவை வந்தது, ராணி வந்தாள். ஏரோகிராம் துண்டில் இருந்தது மட்டும் வரவில்லை. இன்னும் கால் மணி ஊற விட்டான். நகத்தால் சுரண்டினான். தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஆனதே ஒழிய, ஸ்டாம்பு நகரவே இல்லை. எப்படி நகரும்? அது ஸ்டாம்பே இல்லை. காகிதத்திலேயே அச்சடித்தது. பின்னால் இருந்த பேனா மை மட்டும்தான் கரைந்து போனது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது ஆர்க்கிட் பூவால் அவனுக்குப் பெரிய பெயர். ஒரு பூவுக்கு இரண்டு அஜ்மான் கொடுத்தார்கள். நீலத் துண்டைக் காட்டியதும் ஆல்பம்காரன் சிரித்தான். "இது ஸ்டாம்பு இல்லடா, இன்லேண்ட் லெட்டர்ல மயில் இருக்குமே, போஸ்ட் கார்டுல புலி இருக்குமே, அது மாதிரி. இதை எவன் வாங்குவான்?" யாரும் வாங்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பருக்கையைத் தேய்த்து ஒட்டி வைத்தான். பிறகு மறந்தும் போனான்.

வெட்டிய உறைகளைப் பழையபடி நூலால் கட்டி, ஏரோகிராமைத் துணியில் மடித்து மேலே வைத்திருந்தான். பெட்டியை யாரும் திறக்கவில்லை. பத்து மாதம் ஓடியது.

1995 ஆடி அமாவாசை. அந்தப் பக்கத்தில் அன்றைக்கு வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலில் முழுகக் கூட்டம் கூடும். அவர்கள் வீட்டில் அப்பா போய் முழுகி விட்டு வருவார். தாத்தா போட்டோவுக்கு மாலை போட்டு, இலை போட்டுப் படையல். படையல் முடிந்ததும் அப்பாயி பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொண்டு வரும். தாத்தா கடைசியாக எழுதிய கடிதம். யாராவது ஒருவர் படிக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் காக்காய்க்குச் சோறு, அப்புறம் எல்லோருக்கும் சாப்பாடு. அது வந்த அன்றைக்கு போஸ்ட்மேன்தான் படித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடமாக அத்தைதான் படித்துக் கொண்டிருந்தது. பெரியவர்கள் கூடத்தில் ஏதோ படிக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் அடுப்படியில் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் இருப்பான்.

அந்த வருடம் தை மாதம் அத்தைக்குக் கல்யாணம் ஆகிப் போய் விட்டது.

"ஏழாவது படிக்கிறான்ல, இனிமே இவனே படிக்கட்டும்" என்றது அப்பாயி. துணியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தது.

நீல நிறத்தைப் பார்த்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. அதே ஏரோகிராம். மடித்தபடியே இருந்ததால் அப்பாயிக்கு ஓட்டை தெரியவில்லை. அவன் விரித்ததும் ஓட்டையை உள்ளங்கையால் மறைத்துக் கொண்டான். 'அன்புள்ள' என்று ஆரம்பித்துப் படித்தான். தாத்தாவின் கையெழுத்து மணி மணியாக இருந்தது. கணக்கு எழுதுகிறவர் அல்லவா. இங்கே மழை, அரிசி விலை, கூட வேலை பார்த்தவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் சோப்பும் டார்ச் லைட்டும் கொடுத்து அனுப்பி இருக்கிறேன்.... ஓட்டை வந்தது.

நிறுத்தினால் மாட்டிக் கொள்வான். ஆகவே நிறுத்தாமல் சொந்தமாகச் சேர்த்தான். "எல்லோரும் சுகமாக இருக்கவும். அடுத்த மாதம் பணம் அனுப்பி வைக்கிறேன்."

"அங்க அது இல்லயே" என்றது அப்பாயி.

கூடத்தில் யாரும் பேசவில்லை.

"பணத்தப் பத்தி ஒங்க தாத்தா எந்தக் கடுதாசிலயும் எழுதுனதில்ல. மணியார்டர் வரும், அவ்வளவுதான். கொல்லையில வச்ச தென்னங்கன்னுக்கு வேலி கட்டு, ஆடு மேஞ்சிரும்னு இருக்கும். அதுக்கப்பறம், பெரியவனுக்குக் கால்ல இருந்த புண்ணு ஆறிடுச்சா, தண்ணியில எறங்க விடாதன்னு இருக்கும். நல்லாப் பாத்துப் படி."

'பெரியவன்' என்றால் அவனுடைய அப்பா. 1968ல் அவருக்கு ஒன்பது வயது. அப்பா குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். அங்கே ஒரு தழும்பு உண்டு. சைக்கிள் சக்கரத்தில் கால் விட்டது என்று மட்டும் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒரு கடிதம் முழுக்க, எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று மனப்பாடமாகத் தெரியும் என்பதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. இருபத்தேழு வருடம் வருடத்துக்கு ஒரு முறை காதால் கேட்டே படித்த கடிதம் அது. அவனுக்கு அழுகை வந்து விட்டது. கையை எடுத்தான்.

அப்பா எழுந்து விட்டார். விழுந்திருக்கும் நாலு. அப்பாயி அதற்குள் கடிதத்தை வாங்கிக் கொண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. சதுரமான ஓட்டை வழியாக வாசல் தெரிந்தது. ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தது. திட்டவில்லை. "எதுக்குய்யா வெட்டுன?" என்று மட்டும் கேட்டது. "ஸ்டாம்புக்கு" என்றான். "கேட்டிருந்தா கிழிக்காம எடுத்துக் குடுத்திருப்பனே" என்றது. ஏரோகிராமில் கிழிக்காமல் எடுக்க முடியாது என்பது அப்பாயிக்கும் தெரியாது.

சாப்பாடு ஆன பிறகு அவன் நோட்டைக் கொண்டு வந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினான். அப்பா ஈரத் துணி வைத்துத் துண்டைப் பிரித்தார். பின்பக்கம் வெறும் வெளிர் நீலம். ஒரு எழுத்து கூட இல்லை.

மறுநாள் அந்தத் துண்டையும் கடிதத்தையும் எடுத்துக் கொண்டு அப்பா அவனை மேலத்தெருவில் இருந்த ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டரிடம் கூட்டிக் கொண்டு போனார். அவர் வீட்டில் பெரிய பூதக்கண்ணாடி உண்டு. "மை ஏதாவது தெரியுதா பாருங்க சார்." அவர் வெயிலில் வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "பேனா மை தம்பி. தண்ணியில போனா போனதுதான்." பிறகு துண்டைக் கடிதத்தின் ஓட்டையில் பொருத்தி வைத்து விட்டு அவனைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. துண்டுல பினாங்கு முத்திரை. மார்ச் பதினொண்ணு. கடுதாசிக்குப் பின்னால நம்ம ஊரு முத்திரை. மார்ச் பதினெட்டு. ஏழு நாள்ல வந்திருக்கு. ஒன்னோட துண்ட மட்டும் பாத்தா எங்கே போச்சுன்னு தெரியாது. இத மட்டும் பாத்தா எப்பக் கிளம்பிச்சுன்னு தெரியாது. ரெண்டும் சேந்தாதான் கடுதாசி."

அவர் சொல்லித்தான் அவனுக்கு முதல் முதலாக ஒன்று புரிந்தது. ஸ்டாம்பை உறையிலிருந்து பிரிக்காமல் வைத்துக் கொள்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்த நாள், என்ன கட்டணம், எந்த வழி, எல்லாம் உறையில்தான் இருக்கிறது. பழைய ஸ்டாம்பு பலவற்றுக்குத் தனியாக இருப்பதை விட உறையோடு இருந்தால்தான் மதிப்பு. ஏரோகிராம், இன்லேண்ட் போன்ற அச்சடித்த ஸ்டாம்புகளையும் முழுசாக வைத்துச் சேகரிக்கிற பிரிவே ஒன்று உண்டு. ஆல்பம்காரன் சிரித்தது பாதிதான் சரி.

அவனைப் போலவே பழைய கடிதங்களைக் குடைந்த இன்னொரு பையனின் கதை உலகப் புகழ் பெற்றது. 1873ல் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் இருந்த பழைய கடிதங்களில் ஒரு சென்ட் ஸ்டாம்பு ஒன்றைக் கண்டெடுத்தான். 1856ல் லண்டனிலிருந்து ஸ்டாம்பு வந்து சேராததால் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அடித்தது. பார்க்க அழகில்லை. நாலு மூலையும் வெட்டுப்பட்டது. ஆறு ஷில்லிங்குக்கு விற்று விட்டான். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? 2014ல் அந்த ஸ்டாம்பு சுமார் 95 லட்சம் டாலருக்கும், 2021ல் சுமார் 83 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. எல்லோரும் அந்தப் பையன் இழந்த பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அது வந்த உறை இப்போது அதனோடு இல்லை. அந்த உறைக்குள் யார் யாருக்கு என்ன எழுதியிருந்தார்களோ, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போஸ்ட் மாஸ்டர் வீட்டிலிருந்து திரும்பியதும் அப்பாயி அவனை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தது. "நான் சொல்றேன், எழுது." அப்பாயி சொன்னதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதினான். 'கொல்லையில் வைத்த தென்னங்கன்றுக்கு வேலி கட்டவும். ஆடு மேய்ந்து விடும். பெரியவனுக்குக் காலில் இருந்த புண் ஆறி விட்டதா? தண்ணீரில் இறங்க விட வேண்டாம்.' ஓட்டையின் அளவுக்கு வெட்டி, அப்பாதான் பின்னால் காகிதப் பட்டை கொடுத்து ஒட்டினார். நீலத் துண்டை அங்கே ஒட்டலாமே என்று அவன் கேட்டான். "அதுல ஒண்ணும் இல்லயே, எதுக்கு?" என்றது அப்பாயி. அது அவனுடைய நோட்டுக்கே திரும்பி வந்தது.

அவன் ஸ்டாம்பு சேர்ப்பதை விட்டு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து கத்தரிக்கோல் எடுக்கும் முன்னால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். உறையை உறையாகவே வாங்கி வைக்க ஆரம்பித்தான். கல்லூரிக்குச் சென்னை வந்த பிறகு அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்பவர்களுக்கு என்றே இருக்கும் பிரிவைக் கண்டுபிடித்தான். 2006ல் சந்தன வாசனையோடு ஒரு ஸ்டாம்பு வந்தது, 2007ல் ரோஜா, 2008ல் மல்லிகை. மூன்றையும் வாங்கினான். மல்லிகை ஸ்டாம்பை ஊருக்குக் கொண்டு போய் அப்பாயியிடம் கொடுத்தபோது மூக்கில் வைத்துப் பார்த்து விட்டு, "நம்ம கொல்லையில பூத்தது மாதிரி இல்ல" என்று திருப்பிக் கொடுத்து விட்டது :)

இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கடிதம் வந்து ஸ்டாம்பு கிடைப்பது அபூர்வம். கூரியரும் பார்சலும்தான் வருகின்றன. இருந்தும் ஆசை இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் மாணவர்கள் ஸ்டாம்பு சேர்ப்பதை ஊக்குவிக்க 2017ல் தபால் துறை ஒரு உதவித்தொகைத் திட்டமே ஆரம்பித்தது, வருடத்துக்கு 6,000 ரூபாய். சோற்றுப் பருக்கையில் ஒட்டிய தலைமுறைக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

அப்பாயி 2009ல் போய் விட்டது. ஆடி அமாவாசைக்கு இப்போது இரண்டு இலை. கடிதம் படிப்பது நிற்கவில்லை. ஏரோகிராம் மடிப்பில் எல்லாம் நைந்து போனதால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். போன வருடம் படித்தது அவனுடைய மகள். ஐந்தாவது படிக்கிறாள். மழை, அரிசி விலை, சோப்பு, டார்ச் லைட் எல்லாம் படித்துக் கொண்டு வந்தவள் அந்தச் சதுரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல மட்டும் ஏன் வேற கையெழுத்து? ஸ்பெல்லிங் வேற தப்பா இருக்கு."

'தென்னங்கன்று' என்பதில் ஒரு 'ன்' விட்டுப் போயிருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லவில்லை. அப்பா, அதாவது கடிதத்தில் வரும் அந்தப் 'பெரியவன்', காலை மடக்கி உட்கார்ந்தபடி, "ஒங்க அப்பாவக் கேளு" என்றார்.

அவன் எழுந்து பரணிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தான். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தான்.